மலேசியத் தமிழ் இணைய வானொலியினருக்கு ஒரு திறந்த மடல்: ஒலியை ஒரே ஒரு முறை சுருக்குங்கள்

மலேசியாவில் தமிழ் இணைய வானொலிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அறிவிப்பாளர்களுக்கும், ஒலிப்பொறியாளர்களுக்கும் பணிவான வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் நான், கோயில் விழாக்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் நாடக மேடைகளுக்கும் ஒலியமைப்புச் செய்து வருகிறேன். உங்கள் ஒலிபரப்புகளை நாள்தோறும் கேட்கும் நேயர்களில் ஒருவன். அரசாங்கத்தின் மின்னல் பண்பலையும் தனியார் துறையின் ராகாவும் தத்தம் வழியில் இயங்கிக்கொண்டிருக்க, அவற்றின் நேரக் கட்டுப்பாட்டுக்குள் அடங்காத பலவற்றை நீங்கள் ஒலிபரப்புகிறீர்கள். ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுடன் நீண்ட உரையாடல்கள், தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பேச்சுகள், வேறெங்கும் இடம் கிடைக்காத உள்ளூர்க் கலைஞர்களின் பாடல்கள் என்று உங்கள் நிகழ்ச்சிகளில் நம் சமூகத்தின் குரல் இருக்கிறது. உங்களில் பலர் பகல் வேலையை முடித்துவிட்டு, சொந்தப் பணத்தைப் போட்டு, வீட்டின் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறீர்கள் என்பதை அறிவேன். இவ்வளவு உழைப்பும் நேயரின் காதை அடைவதற்குள் பாதி தேய்ந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். பெரிய செலவின்றி அதைச் சரிசெய்ய முடியும் என்று உறுதியாக நம்புவதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

ஒலித் தரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, பிட் வீதத்தை, அதாவது ஒரு நொடி ஒலிக்கு அனுப்பும் தரவின் அளவை, உயர்த்தலாமா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. 64 கிலோபிட்டில் ஒலிபரப்பிய நிலையம் 128-க்கு மாறுகிறது. சர்வருக்குக் கட்டும் மாதக் கட்டணம் கூடுகிறது. பாட்டு முன்போலவே மங்கலாகக் கேட்கிறது. சர்வரை அடைவதற்கு முன்பே கெட்டுவிட்ட ஒலியை எந்தப் பிட் வீதமும் மீட்டுத் தராது. நான் கேட்டு அறிந்த அளவில், நம் இணைய வானொலிகளின் குறைகளில் பெரும்பகுதி அந்த முன்கட்டத்தில்தான் நேர்கிறது.

குறுந்தட்டில் உள்ள ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகளாக (ஒலியலையின் அளவீடுகளாக), மாதிரிக்கு 16 பிட்டுகளாக, இரண்டு தடங்களில் பதிவாகியிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் வரும். அதை 128 கிலோபிட்டாகச் சுருக்கும்போது பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 1993-இல் தரநிலையாக வெளிவந்த எம்பி3 முறையும் 1997-இல் வந்த ஏஏசி முறையும், பலத்த ஓர் ஒலிக்கு அருகில் ஒலிக்கும் மெல்லிய ஒலியைக் காது உணர்வதில்லை என்னும் இயல்பைக் கொண்டே இதைச் செய்கின்றன. காது கவனிக்காத இடங்களில் துல்லியத்தைக் குறைத்து, அதனால் எழும் இரைச்சலை அங்கேயே மறைத்துவிடுகின்றன. முழுமையான மூலப் பதிவிலிருந்து ஒரே ஒரு முறை செய்யும்போது இந்த ஏற்பாடு வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் நம் நிலையங்களில் ஒரு பாட்டு வந்து சேரும் வழியைப் பாருங்கள். யூடியூபில் ஏற்றப்பட்டபோதே அது ஒரு முறை சுருக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து யாரோ ஒருவர் இறக்கி, 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக மாற்றுகிறார். இது இரண்டாம் சுருக்கம். அந்தக் கோப்பு பென்டிரைவில் கைமாறி உங்கள் பாடல் தொகுப்பில் சேர்கிறது. ஒலிபரப்பும் மென்பொருள் அதை விரித்து, 64 கிலோபிட் ஏஏசியாக மறுபடியும் சுருக்கி அனுப்புகிறது. இது மூன்றாம் சுருக்கம். முதல் சுருக்கம் ஒளித்து வைத்த இரைச்சல் எது, இசை எது என்று அடுத்த சுருக்கத்துக்குத் தெரியாது. இரண்டையும் சமமாக மதித்து, இருக்கும் கொஞ்சம் பிட்டுகளை இரைச்சலைப் பாதுகாப்பதற்கும் செலவிடுகிறது. தேங்காய்ப்பூவைத் திரும்பத் திரும்பப் பிழிந்து எடுத்த மூன்றாம் பாலைத்தான் நேயர் குடிக்கிறார்.

இந்தச் சேதத்தை நம் இசைக் கருவிகள் மற்றவற்றைவிட வேகமாகக் காட்டிக் கொடுக்கின்றன. தவிலிலும் உறுமியிலும் மிருதங்கத்திலும் விழும் அடி சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்குவது. ஏஏசி முறை ஒலியை 1,024 மாதிரிகள் கொண்ட கூறுகளாகப் பிரித்துக் கையாள்கிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ 23 மில்லிநொடி. கூறின் நடுவே ஓர் அடி விழுந்தால், சுருக்கத்தால் எழும் இரைச்சல் அந்தக் கூறு முழுவதும் பரவும். அதாவது, அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய சரசரப்பு கேட்கும். இதைத் தடுக்கக் கூறின் நீளத்தைக் குறைக்கும் ஏற்பாடு அந்த முறைக்குள்ளேயே உண்டு. ஆனால் அதற்குக் கூடுதல் பிட்டுகள் வேண்டும், குறைந்த வீதத்தில் அவை கிடைப்பதில்லை. இதே சேதம் மூன்று முறை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும்போது, உறுமி மேளத்தின் அடி தன் கூர்மையை இழந்து ஈரத்துணியில் அடித்தது போலாகிவிடுகிறது. நாதஸ்வரத்தின் மேல்சுரங்களில் தகரச் சத்தம் சேர்கிறது. பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமியை நேரில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், உள்ளூர்க் கலைஞர்கள் அதே கருவியைக் கொண்டு உருவாக்கிய பாட்டை இந்த நிலையிலா கேட்க வேண்டும்?

ஆகவே என் முதல் வேண்டுகோள் பாடல் தொகுப்பைப் பற்றியது. ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து, அதன் அதிர்வெண் பரவலைப் படமாகப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது போல் எல்லாம் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் ஒரு முறையாவது 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்த கோப்பு. அதன் பெயருக்குப் பக்கத்தில் 320 என்று எழுதியிருந்தாலும், எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவக் கோப்பாகவே இருந்தாலும், போனது போனதுதான். பழைய ஒலிநாடாப் பதிவுகளில் மேல் அதிர்வெண்கள் இயல்பாகவே குறைந்திருக்கும் என்பதால், படத்தோடு காதையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அப்படிக் கண்டறிந்த கோப்புகளை, நீங்கள் அடிக்கடி ஒலிபரப்பும் பாடல்களிலிருந்து தொடங்கி, படிப்படியாக மாற்றுங்கள். குறுந்தட்டு கையில் இருந்தால் அதிலிருந்து நேரடியாக ஃபிளாக் கோப்பாக எடுக்கலாம். மலேசியக் கலைஞர்களின் பாடல்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: அவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள், கேட்டால் சுருக்காத மூலக் கோப்பையே அனுப்பி வைப்பார்கள். தம் பாட்டு நன்றாக ஒலிக்க வேண்டும் என்று அவர்களைவிட அதிகமாக விரும்புபவர் யார்? நான்கு நிமிடப் பாட்டு ஒன்று ஃபிளாக் வடிவில் 25 முதல் 30 மெகாபைட் வரை இடம் பிடிக்கும்; ஒரு டெராபைட் வன்தட்டில் 30,000 பாடல்களுக்கு மேல் வைக்கலாம். எந்த நிலையத்துக்கும் இது போதும்.

1950-களிலும் 60-களிலும் வந்த திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றைப் பிற்காலத்தில் செயற்கையாக இரு தடமாக விரித்து, எதிரொலி சேர்த்து வெளியிட்ட வடிவங்கள் நிறைய உலவுகின்றன. மூத்த நேயர்களுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில் அவற்றைத் தவிர்த்து, உள்ளது உள்ளபடியான ஒற்றைத் தடப் பதிவையே போடுங்கள். குரல் நடுவில் நிற்கும்; சொற்கள் துலங்கும்.

அடுத்தது அறிவிப்பாளரின் குரல். பாடல்களைக் கேட்க நேயர்களுக்கு இன்று ஆயிரம் வழிகள் உண்டு. அவர்கள் உங்களிடம் வருவது உங்கள் பேச்சுக்காகத்தான். அந்தப் பேச்சு பல வேளைகளில் ஒரு வெற்று அறையின் முழக்கத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது. நம் வீடுகளின் தரை பெரும்பாலும் பளிங்கு அல்லது ஓடு. சுவர் வெறும் சிமெண்டு. அந்த அறையில் நுண்ணுணர்வு மிக்க கன்டென்சர் ஒலிவாங்கியை வைத்து, ஒரு முழம் தள்ளி அமர்ந்து பேசினால், குரலோடு சுவர் திருப்பி அனுப்பும் ஒலியும், குளிர்சாதனத்தின் இரைச்சலும், தெருவில் போகும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே பதிவாகும். இப்படிப்பட்ட அறைக்குச் அவ்வளவு நுண்ணுணர்வு இல்லாத, சாதாரண டைனமிக் ஒலிவாங்கியே பொருத்தமானது. அதை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், சற்றே பக்கவாட்டில் வைத்துப் பேசினால் வல்லெழுத்துகளின் காற்று நேராக மோதாது. அறிவிப்பாளருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் தடித்த திரைச்சீலையோ, துணிகள் நிறைந்த அலமாரியோ, மெத்தையோ இருந்தால், அறையின் முழக்கம் கேட்கும்படியே குறையும். விலையுயர்ந்த ஒலிவாங்கியை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குத் தமிழின் ஒலியமைப்பே காரணம். லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் குரலின் நடு அதிர்வெண்களில் நுட்பமாக அமைந்துள்ளன. நாக்கை உள்ளே வளைத்து ஒலிக்கும் ழகரத்தில், குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு (வாய்க்குள் குரல் வலுப்பெறும் அதிர்வெண்களில் ஒன்று) கீழிறங்குவதைக் கருவியில் பார்க்கவே முடியும். அறையின் எதிரொலி முதலில் கலைப்பது இத்தகைய நுட்பங்களைத்தான். வயதானவர்களுக்கு மேல் அதிர்வெண்களைக் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருவதால், இளையவர் ஊகித்து நிரப்பிக்கொள்ளும் ஒலிகளை அவர்களால் நிரப்ப முடிவதில்லை. உங்கள் நேயர்களில் பெரும் பகுதியினர் அந்த வயதினர்.

மேடை நிகழ்ச்சிகளில் எக்கோ கொஞ்சம் கூட்டச் சொல்லி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் வானொலி அறைகளுக்குள்ளும் வந்துவிட்டது. பேச்சுக்கு அதை அறவே நிறுத்திவிடுங்கள். மிக்சரிலோ மென்பொருளிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வசதியைப் போட்டால், மேசை அதிர்வும் குளிர்சாதன உறுமலும் பெருமளவு நீங்கும். இடைவிடாத ரீங்காரம் ஒன்று அடியில் கேட்டால், அது பெரும்பாலும் நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாக இருக்கும். கணினியையும் மிக்சரையும் ஒரே மின்பலகையிலிருந்து இயக்கிப் பார்ப்பது முதல் சோதனை. வாட்ஸ்அப் செய்தி வந்த ஒலியும் கணினியின் எச்சரிக்கை மணியும் நேரலையில் கேட்பது இன்னும் நிற்கவில்லை. அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு ஒலிபரப்பைத் தொடங்குவது ஒரு நொடி வேலை.

தொலைபேசி நேர்காணல்களைப் பற்றியும் ஒரு சொல். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். பினாங்கிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ பேசும் விருந்தினரை இணையவழி அழைப்பில் கொண்டுவந்தால் இதைவிட மிகத் தெளிவாகக் கேட்கும். விருந்தினர் புளூடூத் காதணியை மாட்டிக்கொண்டு பேசினால், ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் இணைப்பு தரம் குறைந்த அழைப்பு நிலைக்கு இறங்கிவிடுவது வழக்கம் என்பதால், கம்பி இணைத்த காதணியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்வதும் உங்கள் கடமைதான், அவருக்குத் தெரியாது.

ஒலி அளவைப் பற்றிப் பேசாமல் இம்மடல் நிறைவு பெறாது. பழைய பாட்டு மெல்ல ஒலிக்கிறது, நேயர் சத்தத்தைக் கூட்டுகிறார். அடுத்து வரும் விளம்பரம் காதைக் கிழிக்கிறது. இரவு நேரக் காவல் பணியில் காதணி மாட்டிக் கேட்பவர்களுக்கு இது உண்மையான துன்பம். மிக்சரில் துள்ளும் உச்ச அளவைப் பார்த்து இதைச் சமன்செய்ய முடியாது. காது உணரும் உரப்பை அளப்பதற்கென்றே அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் ஒரு முறையை வகுத்தது. எல்யுஎஃப்எஸ் என்னும் அளவு அதிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் தன் உறுப்பு நிலையங்களுக்கு −23 என்னும் அளவைப் பரிந்துரைத்தது. கைப்பேசியில் கேட்கும் இணைய ஒலிக்கு அது தாழ்வானது. பேச்சை −18 அளவிலும் இசையை −16 அளவிலும் வைத்தால் இரண்டும் ஒரே உரப்பில் கேட்பதாகக் காதுக்குப் படும். இந்த அளவை இலவசமாக அளந்து தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. தொகுப்பில் உள்ள பாடல்களையும், விளம்பரங்களையும், நிலையக் குறியிசையையும் ஒரு முறை அளந்து ஒழுங்குபடுத்திவிட்டால், அதன் பிறகு புதிதாக வருபவற்றை மட்டும் கவனித்தால் போதும். உச்ச அளவை −1 டெசிபலுக்கு மேல் போகவிடாதீர்கள். சுருக்கி விரிக்கும்போது அலையின் உச்சி சற்று உயர்ந்துவிடும். முழு அளவை ஒட்டியே வைத்திருந்தால் நேயரின் கைப்பேசியில் கரகரப்பாக வெளிவரும்.

பண்பலை நிலையங்களைப் போல் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில், அவற்றுக்கான ஒலிச் சீராக்கி அமைப்பை அப்படியே இணையத்துக்கும் போடுபவர்கள் உண்டு. பண்பலையில் மேல் அதிர்வெண்களை உயர்த்தி அனுப்பி, வாங்கும் கருவியில் தணிக்கிறார்கள். ஒலியை 15 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துகிறார்கள். உயர்த்தியதால் வரம்பை மீறும் உச்சிகளை வெட்டுகிறார்கள். அவையெல்லாம் அந்த ஊடகத்தின் கட்டாயங்கள். இணையத்தில் அந்தக் கட்டாயம் எதுவும் இல்லாதபோது, வெட்டப்பட்ட உச்சிகளின் கரகரப்பைச் சுருக்கும் மென்பொருளுக்கு ஊட்டுவது வீண். எல்ஆர்டி ரயிலின் இரைச்சலிலும் பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு சமன்செய்வதை நான் ஏற்கிறேன். பாட்டு மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும் அளவுக்குப் போனால் அது மிகை.

இவை அனைத்தும் சரியான பிறகே பிட் வீதத்துக்கு வர வேண்டும். இசைக்கு ஏஏசி 128 கிலோபிட் நிறைவானது. நேயருக்கு மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். முன்கட்டண இணைப்பில் கேட்பவர்களுக்காக இரண்டாவது ஒலியோடை (ஸ்ட்ரீம்) ஒன்றை வையுங்கள். 48 கிலோபிட் அளவில், குறைந்த வீதத்துக்கென அமைந்த ஏஏசி வடிவமான எச்இ-ஏஏசி முறை நன்றாகவே ஒலிக்கும், மணிக்கு 22 மெகாபைட் கூடத் தேவைப்படாது; ஆனால் அது மேல் அதிர்வெண்களைக் கீழ்ப்பகுதியிலிருந்து ஊகித்து உருவாக்குவதால், முதன்மை ஓடையாக அதை வைக்கக் கூடாது. 2012-இல் வெளிவந்த ஓபஸ் முறை பேச்சுக்கும் இசைக்கும் ஒருங்கே பொருந்துவது, உரிமக் கட்டணம் இல்லாதது; சில பழைய கருவிகளில் இயங்காது என்பதால், அதைச் சேர்ப்பவர்கள் ஏஏசி ஓடையையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒலிபரப்பும் கணினியை வைஃபையில் விடாமல் கம்பியில் இணைப்பதும், மாலை இடிமழைக்கு மின்சாரம் போகும் வட்டாரங்களில் யுபிஎஸ் வைப்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே.

இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதும் ஒன்று இருக்கிறது. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றியும், தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கத்தைப் பற்றியும் பெரியவர்கள் உங்களிடம் பேசிய பதிவுகள் எந்த வடிவில் இருக்கின்றன? சில நிலையங்களில் நேரலையாகப் போன 64 கிலோபிட் ஓடையின் நகல் மட்டுமே மிஞ்சியிருப்பதாக அறிகிறேன். அவர்களில் சிலரை நாம் மறுபடியும் பதிவுசெய்ய இயலாது. பேட்டியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட். ஃபிளாக் வடிவில் இன்னும் குறையும். இனி எடுக்கும் ஒவ்வொரு பேட்டியையும் ஒலிபரப்பு ஓடைக்கு முன்னதாகவே தனியாகப் பதிவு செய்து, இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

நிலையத்துக்கு ஒருவரை ஒலிக்கு மட்டும் பொறுப்பாளராக நியமித்து, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அவர் தம் நிலையத்தைச் சாதாரணக் கைப்பேசியில், நேயர் கேட்கும் அதே ஓடையில் கேட்டுக் குறிப்பெடுக்கச் செய்யுங்கள். மலேசியக் கலைஞர்களின் மூலக் கோப்புகளை, அவர்களின் ஒப்புதலோடு, நிலையங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொகுப்பு ஒன்றை உருவாக்க முடியுமா என்றும் நீங்கள் கூடிப் பேச வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இயங்கும் எந்த நிலையத்துக்கும், மேடை வேலை இல்லாத நாள்களில் என் அளவுகருவிகளோடு வந்து, அறையையும் பாடல் தொகுப்பையும் கட்டணமின்றிச் சோதித்துத் தர நான் அணியமாக இருக்கிறேன். வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, அடிக்கடி ஒலிபரப்பும் ஐம்பது பாடல்களையும், ஒரு மணி நேர அறிவிப்பாளர் பேச்சையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைப்பது மட்டுமே.

அன்புடன்,
நேயர்களுள் ஒருவனான ஓர் ஒலியமைப்பாளன்
செந்தூல், கோலாலம்பூர்